வீட்டுப் பட்டறைக்கு எந்த காஸ்?

கோயம்புத்தூர் செல்வபுரத்தில் எங்கள் வீட்டின் முன்னறைதான் நகைப் பட்டறை. ஒரு சுவரைத் தாண்டினால் சமையலறை. அப்பா அங்கே முப்பது வருடம் உட்கார்ந்து ஊதினார். அதே பலகையில் நான் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா வாயால் ஊதியவர். எண்ணெய் விளக்கின் சுடரை, நுனி வளைந்த பித்தளை ஊதுகுழலால் நகை மேல் சாய்த்துப் பிடிப்பார். மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே, கன்னத்தில் அடைத்த காற்றை விடாமல் அனுப்ப வேண்டும். ஒட்டுகிற இடத்தில் வெங்காரம் தடவி, பொடி (சூட்டில் உருகி ஒட்டவைக்கும் உலோகத் தூள்) வைத்து ஊதுவார். 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்று ஊரில் சொல்கிறார்களே, அந்தப் பொடிதான் இது. பிறகு காலால் மிதிக்கும் துருத்தி வந்தது. பெட்ரோல் டப்பாவுக்குள் காற்றைச் செலுத்தி, அதன் ஆவியை எரிப்போம். அந்த வாடையை நினைத்தால் இன்றைக்கும் தலை வலிக்கிறது. அதற்கப்புறம்தான் எல்பிஜி.

புதிதாகப் பட்டறை போடுகிற பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, எந்த காஸ்ல சூடு ஜாஸ்தி?" நானும் ஒரு காலத்தில் அதையே கேட்டு, அசிட்டிலீன் வாங்கியவன்தான். ஆக்ஸிஜனோடு சேர்ந்தால் அதன் சுடர் 3100 டிகிரி செல்சியஸ் வரை போகும். எல்பிஜியும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் 2800 சொச்சம். ஆனால் வெள்ளி உருகுவது 962 டிகிரியில், தங்கம் 1064-ல். இந்த எண்களை அன்றைக்கே பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

அசிட்டிலீனைப் பற்றவைத்ததும், ஆக்ஸிஜன் திறப்பதற்குள் கரித்தூள் கிளம்பும். நூலாம்படை மாதிரி மிதந்து போய் அம்மா ஊறவைத்திருந்த அரிசி மேல் இறங்கியது. அதுகூடப் பரவாயில்லை. ஒரு பாட்டி தன் பேத்திக்காகக் கொடுத்த கொலுசில் கொக்கி வளையம் ஒட்ட வேண்டியிருந்தது. ஊசி போன்ற அந்தச் சுடரைக் காட்டினேன். பொடி உருகியது, உடனே கொதித்தது. வளையத்தின் ஓரம் சுருண்டு மணியாக நின்றுவிட்டது. இன்னொரு வளையம் சரியாக ஒட்டியது போலத் தெரிந்தது. மெருகு போட்டுப் பார்த்தால், ஒட்டில் வரிசையாக ஊசிக்கண் ஓட்டைகள். பொடியில் துத்தநாகம் இருக்கிறது. 907 டிகிரியில் அது ஆவியாகிவிடும். ஆவி போன வழிதான் அந்தக் கண்கள். எங்கள் வெள்ளியைப் போட்டு இரண்டு வளையத்தையும் புதிதாகச் செய்து கொடுத்தோம். காட்மியம் கலந்த பழைய கேடிஎம் பொடியாக இருந்திருந்தால் இன்னும் மோசம். காட்மியம் 767 டிகிரியிலேயே ஆவியாகி நுரையீரலுக்குள் போகும்.

வெள்ளிக்கு வேண்டியது கூரான சூடு இல்லை, பரந்த சூடு. ஒரு முனையில் காட்டினால் மறு முனைக்கு ஓடிவிடுகிற உலோகம் அது. உருப்படி முழுவதையும் மெத்தென்ற சுடரால் தடவித் தடவி ஒரே சீராகச் சூடேற்றி, கடைசியில் ஒட்டுக்கு வர வேண்டும். அப்போது பொடி தானாக இடுக்குக்குள் இறங்கி, கண்ணாடி மாதிரி ஒரு மின்னு மின்னும். அந்த மின்னலைப் பார்த்ததும் சுடரை விலக்கிவிட வேண்டும். அதற்கு எல்பிஜியும் சாதாரணக் காற்றும் போதும்.

அசிட்டிலீனில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரு நாள் டியூப் கிழிந்துவிட்டது. கையில் இருந்த செம்புக் குழாய்த் துண்டை இடையில் செருகி ஒட்டுப்போட உட்கார்ந்தேன். நகைப் பட்டறையில் கைக்கு முதலில் அகப்படுவது செம்புதானே. தெருக்கோடியில் வெல்டிங் கடை வைத்திருந்த பெரியவர் பார்த்துவிட்டு, "தம்பி, அசிட்டிலீனுக்குச் செம்பு ஆகாது, எடுத்துடு" என்றார். இரண்டும் சேர்ந்து செம்பு அசிட்டிலைடு உண்டாகும். காய்ந்த பிறகு லேசாகத் தட்டினாலே வெடிக்கக்கூடிய உப்பு. அந்த வாரமே சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தேன். பெரிய இரும்பு வேலைக்கு அது நல்ல காஸ். வீட்டுக்குள் எனக்கு வேண்டாம்.

அதனால் எல்பிஜி சாதுவான காஸ் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு மார்கழிக் காலையில் கோலம் போட எழுந்த அம்மா, பட்டறையைப் பெருக்கக் குனிந்தார். நான் வாசற்படியில் நின்று லைட் சுவிட்சுக்குக் கையை நீட்டுகிறேன். "டேய், லைட்டப் போடாத!" என்று ஒரு சத்தம். நின்றிருந்த எனக்கு வாடை தெரியவில்லை, குனிந்தவருக்குத்தான் தெரிந்தது. எல்பிஜியில் உள்ள புரொப்பேன் காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. தண்ணீர் மாதிரி தரையில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு கலந்திருந்தாலே பற்றிக்கொள்ளும். நாங்களோ தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நெருப்போடு வேலை செய்கிறவர்கள். கதவைத் திறந்து, தண்ணீர் போகும் துவாரத்தில் அடைத்திருந்த துணியைப் பிடுங்கி, அம்மா முறத்தால் விசிறி விசிறி வெளியே தள்ளினார். அடுத்த அறையில் சாமி விளக்கை அன்றைக்கு அவர் இன்னும் ஏற்றியிருக்கவில்லை. ரப்பர் டியூபை எலி கடித்திருந்தது.

அன்றிலிருந்து காஸைப் பற்றி நான் கேட்கிற முதல் கேள்வி மாறிவிட்டது. கசிந்தால் எங்கே போகும், யார் மூக்குக்கு முதலில் தெரியும் என்றுதான் கேட்கிறேன். பட்டறைச் சுவரில் தரை மட்டத்தில் ஒரு செங்கல் அளவுக்கு உடைத்து, எலி வராதபடி வலை அடித்தேன். சிலிண்டர் வெளியே நிழலில் நிமிர்ந்து நிற்கிறது. படுக்கப் போட்டால் ஆவிக்குப் பதில் திரவமே வந்துவிடும். டியூபை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். சனிக்கிழமை தோறும் எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுவேன்.

சமையல் சிலிண்டரை இழுத்துப் பட்டறைக்குப் போடக் கூடாது, அது சட்டப்படியும் தப்பு. நான் முதலில் 5 கிலோ கடைச் சிலிண்டர் வைத்திருந்தேன். நூறு கிராம் வெள்ளியை மூசையில் (உருக்கும் கிண்ணத்தில்) போட்டுப் பெரிய சுடரால் உருக்கும்போது அது வேர்த்துவிடும். உள்ளே திரவம் எந்த மட்டம் வரை இருக்கிறதோ அது வரைக்கும் வெளியே முத்து முத்தாகத் தண்ணீர். திரவம் ஆவியாகத் தன் சூட்டையே செலவழிப்பதால் சிலிண்டர் குளிர்ந்து, அழுத்தம் இறங்கி, சுடர் சோர்ந்துவிடும். 19 கிலோவுக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

ஆக்ஸிஜன் தேவைப்படும் வேலைக்கு, 150 பார் அழுத்தத்தில் ஒரு சிலிண்டரை வீட்டுக்குள் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அதன் ரெகுலேட்டரில் எண்ணெய்ப் பிசுக்கே படக்கூடாது. தோசை சுடுகிற வீட்டில் யார் கையில் எண்ணெய் இல்லை? கொரோனாவுக்குப் பிறகு கைமாறி வந்த ஆக்ஸிஜன் செறிவூட்டி ஒன்றை வாங்கினேன். நிமிடத்துக்கு 5 லிட்டர், குறைந்த அழுத்தம், எல்பிஜியோடு சேர்த்தால் சின்ன வேலைகளுக்குத் தாராளம். சுடர் டியூபுக்குள் திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வை மட்டும் இரண்டு பக்கமும் மறக்காமல் போட வேண்டும்.

கையடக்கமான பியூட்டேன் டார்ச் வெளியூர் வேலைக்கு நல்லது. ஆனால் ஜனவரியில் குன்னூர்க் கோயில் ஒன்றில் வெள்ளிக் கவசம் ஒட்டப் போனபோது, விடிகாலையில் சுடர் எழும்பவே இல்லை. பியூட்டேன் கொதித்து ஆவியாவது மைனஸ் அரை டிகிரியில். குளிர் அதை நெருங்க நெருங்க அதற்கு உந்துதல் இருக்காது. டார்ச்சைச் சால்வைக்குள் வைத்து உடம்புச் சூட்டில் கால் மணி நேரம் காத்திருந்து அப்புறம் பற்றவைத்தேன். புரொப்பேன் கலந்த கேனாக இருந்தால் இந்தப் பிரச்சினை வராது, அது ஆவியாவது மைனஸ் 42-ல்.

மஞ்சள் கேனில் வரும் 'மாப்' என்கிற ஒட்டுவேலை காஸைப் பற்றியும் கேட்கிறார்கள். அசல் மாப் காஸ் தயாரிப்பு வட அமெரிக்காவில் 2008-லேயே நின்றுவிட்டது. இப்போது அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் புரொப்பிலீன். ஏசி மெக்கானிக் செம்புக் குழாய் ஒட்டுவதற்குச் சரி, நகைக்கு அவசியமில்லை.

மெல்லிய செயினுக்கு இப்போது வாட்டர் டார்ச் வைத்திருக்கிறேன். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் தருகிற பெட்டி. எரிகிற அளவுக்குத்தான் காஸ் உண்டாகும், சேமித்து வைப்பது என்பதே இல்லை. அம்மாவுக்கு மிகவும் பிடித்தது இதுதான். சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது என்பதால், நிறம் வர காஸை மெத்தில் ஆல்கஹால் வழியாகக் குமிழியிட்டு வர விடுகிறோம். ஊசிமுனைச் சுடரில் ஒரு கண்ணியை ஒட்டினால் பக்கத்துக் கண்ணி சிவக்கக்கூட இல்லை.

சாயங்காலம் வேலை முடிந்தால் டார்ச்சை அணைக்க மாட்டேன். எரிகிற டார்ச்சை அப்பா கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்ச் சிலிண்டர் வால்வை மூடுவேன். டியூபில் மிச்சமிருப்பது எரிகிறது. சுடர் குறுகி, நீலப் பொட்டாகி, பட்டென்று போகும். அதற்கப்புறம்தான் அப்பா டார்ச்சின் குமிழை மூடுவார். உள்ளேயிருந்து அம்மா கேட்பார், "மூடியாச்சா?"

"மூடியாச்சும்மா."