41-ஆம் நாள் ஆறிய காயம்

பதினான்கு ஆண்டுகளாகத் தென்மாவட்டம் ஒன்றில் தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்கு அறுவை சிகிச்சை செய்துவருகிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்கு நோய் இருக்குமிடம் கன்னத்தின் உட்புறமும் கீழ் ஈறும் சேரும் பள்ளம்தான்; வருடக்கணக்காக வெற்றிலையோடு புகையிலையை அடக்கிவைத்த அதே இடம். அதை எடுக்கும்போது தாடை எலும்பின் ஒரு பகுதியும், அந்தப் பக்கத்துக் கழுத்தின் நிணநீர்க் கணுக்களும், சிலருக்குக் கன்னத்தின் வெளித்தோலும் சேர்ந்தே போகும். அந்தக் குழியை மூட மார்பிலிருந்தோ முன்கையிலிருந்தோ தொடையிலிருந்தோ தோலும் சதையும் கொண்டுவந்து தைக்கிறோம். எட்டு, ஒன்பது மணி நேரம் நின்று இதைச் செய்து முடிப்பவருக்குச் சிகிச்சையின் பெரும்பகுதி முடிந்துவிட்டது என்று தோன்றுவது இயல்பு. அந்த எண்ணத்தோடு நான் நடத்திய ஒரு சிகிச்சையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் விசைத்தறி ஓட்டியவர், வயது 52. வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்காததால் மூன்று மாதமாகக் கஞ்சியும் பாலும்தான் உணவு. எடை 43 கிலோ. இவ்வளவு இளைத்த உடம்பில் தையல் பிடிக்குமா என்ற கவலை எனக்கு இருந்தது. ஆனால் வாரத்துக்கு வாரம் கட்டி பெரிதாகிக்கொண்டிருந்ததால், உடம்பைத் தேற்றிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. மார்புத் தசையை எடுத்து மூடினோம். 1979-இல் ஸ்டீபன் ஏரியன் விவரித்த இந்த முறையில் இரத்தக்குழாயை வெட்டி, நுண்நோக்கியின் கீழ் மறுபடி இணைக்க வேண்டியதில்லை. காரை எலும்புக்குக் கீழிருந்து வரும் தன் குழாயோடேயே சதை கழுத்துக்கு ஏறிவிடும். மெலிந்தவர்களுக்கு இன்றும் நான் பெரிதும் நம்புவது இதைத்தான்.

எட்டாம் நாள் காலை ரவுண்ட்ஸின்போது அவருடைய மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார், நேத்து ராத்திரி நாக்கு வறளுதுன்னு சைகை காட்டினாரு. மனசு கேக்காம ஒரு வாய் காபி குடுத்துட்டேன். இப்ப கட்டுல காபி வந்திருக்கு." மூக்குக்குழாய் வழியாக மட்டுமே ஆகாரம், வாயில் ஒரு சொட்டும் கூடாது என்று நாங்கள் சொல்லியிருந்தோம். தாடைக்குக் கீழிருந்த காஸ் துணியை விலக்கிப் பார்த்தேன். ஒரு ரூபாய் அகலத்துக்குப் பழுப்புக் கறை, அதன் ஓரத்தில் நுரை. தையல் வரிசையின் நடுவே ஒரு நெல்மணி நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. பக்கத்தில் விரல் வைத்து அழுத்தியபோது இழை இழையாக எச்சில் வந்தது. அந்தப் பெண் தான் செய்த தவறால்தான் இப்படி ஆயிற்று என்று அழத் தொடங்கிவிட்டார். காபி ஓட்டையை உண்டாக்கவில்லை, இருந்த ஓட்டையைக் காட்டிக்கொடுத்தது என்று அவருக்கு விளக்கினேன். நாங்கள் நீலச் சாயத்தைக் குடிக்கக் கொடுத்துச் செய்யும் சோதனையும் இதே விதமானதுதான்.

அதற்குப் பிறகு நான் எடுத்த முடிவைத்தான் பலமுறை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். சிறிய கசிவு, காய்ச்சல் இல்லை, கழுத்தின் பெரிய தமனிமேல் சதை நன்றாகவே மூடியிருந்தது. தினம் இரண்டு வேளை கட்டு மாற்றி, குழாய் வழியாகப் புரதம் ஏற்றினால் தானாகவே அடைந்துவிடும் என்று கருதினேன். மருத்துவ நோக்கில் அது தவறான கருத்தும் அல்ல. பெரும்பாலான கசிவுகள் அப்படித்தான் மூடுகின்றன. இவருக்கும் மூடியது, 41-ஆம் நாள். கேஸ் ஷீட்டில் 'காயம் ஆறியது' என்று எழுதினேன். வார்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அவர் மனைவி செவிலியர்களுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிவந்து கொடுத்தார்.

அதன் பிறகுதான் அவரைக் கதிர்வீச்சுப் பிரிவுக்கு அனுப்பினேன். எங்கள் பக்கத்து மக்கள் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் அந்தச் சிகிச்சைக்கு முன்னால் செய்ய வேண்டியவை பல இருக்கின்றன. அவருக்குக் கெட்டுப்போன பற்கள் மூன்று இருந்தன. கதிர்வீச்சுக்குப் பிறகு பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு அழுகிப்போகக்கூடும் என்பதால் முன்னமே எடுத்து, அந்தக் குழிகள் ஆறக் காத்திருக்க வேண்டும். கதிர்வீச்சின்போது தலை அசையாமல் இருக்க முகத்துக்கு அச்சு எடுக்க வேண்டும். ஸ்கேன் எடுத்துத் திட்டமிட வேண்டும். காப்பீட்டு அனுமதி வர வேண்டும். எல்லாம் முடிந்து அவர் முதல் நாள் கதிர்வீச்சுக்குப் படுத்தபோது அறுவை சிகிச்சை நடந்து பதினோராவது வாரம் ஆகியிருந்தது. ஆறு வாரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும்.

இந்த ஆறு வாரக் கணக்கு மருத்துவர்களின் வசதிக்காகப் போட்டது அல்ல. நிணநீர்க் கணுவின் உறையைக் கிழித்துக்கொண்டு நோய் வெளியே வந்திருந்தால், நாங்கள் எவ்வளவு சுத்தமாக எடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத செல்கள் தங்கியிருக்க வாய்ப்பு மிக அதிகம். அப்படிப்பட்டவர்களுக்குக் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதை 2004-இல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகள், ஒன்று ஐரோப்பாவிலும் மற்றொன்று அமெரிக்காவிலும் நடந்தவை, நிறுவின. தங்கிய செல்கள் காயம் ஆறும்வரை காத்திருப்பதில்லை. நாங்கள் கட்டு மாற்றிக்கொண்டிருந்த நாட்களில் அவையும் பெருகிக்கொண்டுதான் இருக்கின்றன. கதிர்வீச்சு முடிந்த நான்காம் மாதம் அவர் வந்தபோது, தழும்புக்குக் கீழே கெட்டியாக ஒன்று என் விரலில் தட்டுப்பட்டது. தாமதத்தால் மட்டுமே நோய் திரும்பியது என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. கடுமையான நோய், நேரத்தோடு எல்லாம் நடந்தும் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும், அவருக்குச் சேர வேண்டிய ஐந்து வாரங்கள் என் கையிலிருந்து போயின. கசிவு எப்போது நிற்கும் என்று தினமும் கேட்ட நான், இன்று எத்தனையாவது நாள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

இப்போது அறுவை சிகிச்சை நடந்த அன்றே, கதிர்வீச்சு தொடங்க வேண்டிய கடைசித் தேதியைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுகிறோம். கெட்ட பற்களை அதே மயக்கத்திலேயே எடுத்துவிடுகிறோம். மூக்குக்குழாயை நோய் உறுதியான நாளிலேயே போட்டு, காத்திருக்கும் இரண்டு வாரத்தையும் உடம்பைத் தேற்றப் பயன்படுத்துகிறோம். கசிவு வந்தால் பத்து நாளில் குறைகிறதா என்று பார்ப்பேன். குறையவில்லையென்றால் மறுபடி திறந்து, புதிய சதை கொண்டுவந்து மூடிவிடுவேன். நோயாளியை இன்னொரு முறை மேசையில் ஏற்றுவது கொடுமையாகத் தோன்றலாம். எனக்கும் அப்படித் தோன்றியிருக்கிறது. இடது கழுத்தின் அடியில் உணவின் கொழுப்பைச் சுமந்துவரும் நிணநீர்க் குழாய் சேதமாகி, மூக்குக்குழாயில் பால் ஊற்றத் தொடங்கிய மூன்றாம் நாள், காயத்திலிருந்து வடியும் நீரைச் சேர்க்கும் டிரெயின் பாட்டில் வெள்ளையாகும்போதும் இதே கணக்குத்தான். கொழுப்பில்லாத ஆகாரத்துக்கு மாற்றி, அழுத்தக் கட்டுப் போட்டுக் காத்திருப்பேன், ஆனால் எத்தனை நாள் என்று முதலிலேயே குறித்துக்கொண்டு.

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மாவுக்கு முன்கைச் சதை வைத்துத் தைத்திருந்தோம். ஒன்பதாம் நாள், கடைவாய்க்குப் பின்மூலையில் தையல் விட்டுவிட்டது. கழுத்து முழுவதும் சிவந்து, எச்சில் தமனியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்ததால் பத்து நாள் பார்க்க இடமில்லை. அன்று மாலையே திறந்து கழுவி, மார்புத் தசையை ஏற்றி மூடினோம். மூன்றாம் வாரத்திலேயே கதிர்வீச்சு மருத்துவர் வார்டுக்கு வந்து பார்த்துத் திட்டத்தைத் தொடங்கினார். தாடைக்கடியில் சிறிய புண் ஒன்று மட்டும் ஆறாமல் இருந்தது; அதோடு தொடங்கலாமா என்று இருவரும் சேர்ந்து பார்த்து, தொடங்கலாம் என்று முடிவுசெய்தோம். 40-ஆம் நாள் காலை, அச்சை முகத்தில் பொருத்துவதற்கு முன், செவிலியர் அந்தப் புண்மேல் இருந்த காஸை மெதுவாக எடுத்து ஓரமாக வைத்தார். "இது ஆறாமயே வைக்கலாமா தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார். வைக்கலாம் அம்மா, இது மெதுவாக ஆறட்டும் என்று சொன்னேன்.