ஒரு கை குறைகிறது

தையற்கடை வாசலில் வெட்டுத்துணி மூட்டையைக் கண்டால் என் கால் தானாக நின்றுவிடும். நோட்டுப் புத்தகம் கட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து பிடித்த வியாதி இது.

5-க்கு 7 அங்குல நோட்டு ஒன்றை முழுவதும் துணியால் போர்த்த வேண்டுமென்றால், உள்ளே மடிப்பதற்கும் சேர்த்து ஏறக்குறைய 8-க்கு 12 அங்குலத் துண்டு வேண்டும். எந்தத் தையற்காரர் அதைக் கழித்துப் போடுவார்? கைக்குழந்தைக்கு ஒரு சட்டையே தைத்துவிடுவார். ஆகவே என்னைப் போன்ற பொறுக்கிகளுக்கு அரைத்தோல் பைண்டிங்தான் கதி. முதுகுக்கும் மூலைகளுக்கும் தோல், மீதிப் பரப்புக்குத் துணி.

தோலுக்காகப் பெரியமேடு போனேன். "செருப்புக்கா, பைக்கா?" என்றார் கடைக்காரர். புத்தகத்துக்கு என்றேன். "புத்தகத்துக்குச் செருப்பா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு கிலோ துண்டுகளை நிறுத்துக் கொடுத்தார். வெட்டுவாயில் நீலச் சாம்பல் ஓடினால் பெரும்பாலும் குரோம் போட்டுப் பதனிட்டது. மடித்த இடத்தில் படியாமல் மறுபடி நிமிரும். ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளில் பதனிட்டது உள்ளேயும் பழுப்பாக இருக்கும், சொன்ன பேச்சு கேட்கும். எனக்கு வாய்த்ததில் முக்கால்வாசி நிமிர்கிற ஜாதி. அதையும் கண்ணாடிப் பலகையில் வைத்து ஓரங்களைக் காகிதம்போல் சீவ வேண்டும். சீவினேன். நோட்டில் ஏறிய தோலைவிடத் தரையில் கிடந்தது அதிகம். வாசனை பூஜை அறை வரை வருகிறது என்று அம்மா மூட்டையை மொட்டைமாடிக்கு நாடு கடத்தினார்.

இந்த நிலையில்தான் எதிர்வீட்டு அக்கா, மகள் கல்யாணத்துக்கு ஒரு மொய் நோட்டு கட்டித்தரச் சொன்னார். கடையில் கிடைக்கும் நோட்டு வேண்டாமாம், பார்ப்பவர்கள் அசர வேண்டுமாம்.

தெருமுனைத் தையற்கடை அண்ணன் எனக்காக வெட்டுத்துணியை ஒரு பையில் சேர்த்துவைப்பார். அன்று பையைக் கவிழ்த்தால் லைனிங் துணிகளுக்கு நடுவே அரக்குப் பட்டு. அடியில் இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சையில் ஜரிகைக் கரை வேறு. ஜரிகைக் கரையோடு ஒரு துண்டு குப்பைக்கு வருமா என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும். மேல்பக்கம் குடை மாதிரி வளைந்திருந்ததைப் பார்த்தாவது வந்திருக்க வேண்டும். பேராசை வளைவை எல்லாம் பார்ப்பதில்லை. நேராக இரண்டாக நறுக்கினேன். பசை மேலே கசிந்து பட்டில் கறை விழாதபடி பின்னால் மெல்லிய தாள் ஒட்டினேன். கரப்பான் அண்டாமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் என்ற நீல நிற விஷ உப்பையும் கலந்தேன். இரண்டு நாள் அம்மிக்கல்லின் கீழ் இருந்து எழுந்தபோது நோட்டு ராஜா மாதிரி இருந்தது.

அதே இரண்டு நாளும் தையற்கடை அண்ணன் கடையைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

நோட்டை நீட்டினேன். அக்கா முகம் மலர்ந்தது. அட்டையைத் தடவினார். கரையில் விரல் நின்றது.

"இது என் கை."

எனக்குப் புரியவில்லை. அவருடைய கையைப் பார்த்தேன்.

"என் ரவிக்கையின் இடது கை! முகூர்த்தத்துக்கு நான் கட்டப்போகிற புடவையோடு வந்த துணி!"

அண்ணனை அழைத்துவந்தோம். அவர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்ணீரில் ஊறவைத்து உரித்துத் தைத்துவிடலாம் என்று தைரியம் சொன்னார். மயில்துத்தத்தைப் பற்றிச் சொன்னதும் நோட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, துணியை என்னிடம் தந்தது தன் கடைப் பையன்தான் என்றார். பையன் அன்று விடுப்பு.

கடைசியில் கரை நிறத்தில் பச்சைப் பட்டு வாங்கி இரண்டு கைகளும் புதிதாகத் தைப்பது என்று முடிவாயிற்று. செலவு என்னுடையது. தலையைக் குனிந்துகொண்டு கிளம்பினேன். அக்கா கூப்பிட்டார்.

"வலது கை சும்மாதானே கிடக்கிறது? மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு நோட்டு கட்டிவிடு."