பிஎச்டி இன்டர்வியூவில் கன்ட்ரோல் குரூப்தான் எல்லாம்

ஃபரிதாபாத்தில் தடுப்பூசி ஆய்வு செய்யும் ஒரு லேபில் இடம் கிடைத்துவிட்டது. ரிசல்ட்டைப் பார்த்ததும் சந்தோஷத்தைவிட "அப்பாடா" என்றுதான் இருந்தது. பிஎச்டி உதவித்தொகைக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாக: பார்ட் சி-யில் 75 கேள்விகளில் 25 போட்டால் போதும் என்பதால் இம்யூனாலஜி (நோய் எதிர்ப்பியல்) படிப்பவர்கள் நோய் எதிர்ப்பு வரும் 4-ஆவது யூனிட்டையும் ஆய்வு முறைகள் வரும் 13-ஆவது யூனிட்டையும் உருப்படியாகப் படியுங்கள். எகாலஜியை நான் தொடவே இல்லை.

இன்டர்வியூ வேறு கதை. அங்கே சைட்டோகைன் (நோய் எதிர்ப்பு செல்கள் விடும் சமிக்ஞைப் புரதங்கள்) பட்டியலை ஒப்பிப்பவர்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். பேனலுக்கு வேண்டியது ஒன்றுதான்: "இது தடுப்பூசியால்தான் நடந்தது என்று எப்படிச் சொல்வாய்?" ஒரு புரதத்தை ஆலத்தோடு (தடுப்பூசியின் வேகத்தைக் கூட்டும் அலுமினிய உப்பு) கலந்து எலிக்குப் போடுகிறோம் என்றால், சலைன் (உப்புநீர்) போட்ட எலி மட்டும் கன்ட்ரோலாக, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் குழுவாகப் போதாது. ஆலம் மட்டும், புரதம் மட்டும், இரண்டும் சேர்த்து என்று பிரித்து போர்டில் எழுத வேண்டும். புரதம் ஈ.கோலை பாக்டீரியாவில் செய்ததா? அப்படியென்றால் எண்டோடாக்சின் (எல்பிஎஸ் என்ற பாக்டீரியா நச்சு) கலந்திருக்கிறதா என்று பார்த்தாயா என்பார்கள், ஏனென்றால் அந்த எல்பிஎஸ்ஸே செல்லில் இருக்கும் டிஎல்ஆர்4 என்ற ஏற்பி வழியாக அட்ஜுவன்ட் (ஆலம் போல எதிர்ப்பைத் தூண்டும்) வேலையைச் செய்துவிடும். பிளாக்-6 என்ற ஆய்வக எலி வகையில் ஐஜிஜி2ஏ என்ற ஆன்டிபாடியை அளப்பேன் என்று சொன்னால் முடிந்தது கதை. அதற்கு இருப்பது ஐஜிஜி2சி.

எந்த ஊர் என்று கேட்டார்கள், செங்கல்பட்டு என்றேன். பேனலில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 1968-இல் எங்கள் மாவட்டத்தில் தொடங்கிய பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) சோதனையில் அந்த ஊசி பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை, ஏன்? மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும், காசநோய்க் கிருமிக்கு உறவான மைக்கோபாக்டீரியா நம் உடலை முன்பே பழக்கியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம் என்றேன். "சரி, எலியில் நிரூபி." மறுபடியும் அதே விஷயம்! மைக்கோபாக்டீரியம் ஏவியம் (அப்படிப்பட்ட ஒரு கிருமி) மட்டும், பிசிஜி மட்டும், முதலில் ஏவியம் அப்புறம் பிசிஜி, எதுவுமே இல்லை என்று நான்கு குரூப் போட்டு, காசநோய்க் கிருமியைக் கொடுத்து நுரையீரலில் எண்ணுவேன் என்றேன். அதன்பிறகு பேச்சு சுமுகமாகப் போனது. உங்கள் ஊரோடு தொடர்புள்ள ஆய்வு ஏதாவது இருந்தால் அதை விடாதீர்கள்.

இன்னொரு நிறுவனத்தில் நாள் முழுக்க உட்காரவைத்து, சாயங்காலம் கூப்பிட்டு, "கல்யாணம் எப்போ?" என்று கேட்டார்கள். அதற்கு என்ன கன்ட்ரோல் குரூப் போடுவது!

மற்றவை:

- ரோட்டாவேக் (ரோட்டா வைரஸுக்கான வாய்வழித் தடுப்பூசி): அதில் இருப்பது 116இ, டெல்லியில் பச்சிளங்குழந்தைகளிடமிருந்து எடுத்த வைரஸ். ரோட்டா வைரஸால் வரும் கடுமையான வயிற்றுப்போக்குக்கு எதிராக முதல் வருடப் பலன் சுமார் 56 சதவீதம். வாய்வழித் தடுப்பூசி நம் ஊரில் ஏன் குறைவாக வேலை செய்கிறது என்று கேட்பார்கள்.
- எலைசா டைட்டர் (ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடியின் அளவு) ஏறினால் பாதுகாப்பு வந்துவிட்டதாகச் சொல்லாதீர்கள். ஆன்டிபாடி கிருமியை நிஜமாகவே தடுக்கிறதா என்று பார்க்கும் நியூட்ரலைசேஷனும் சொல்லுங்கள், டி செல் வேலை செய்கிறதா என்று பார்க்க எலிஸ்பாட் சோதனை.
- கைடின் பேப்பர்களில் படங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொரு பட்டைக்கும் எது கன்ட்ரோல் என்று பென்சிலில் எழுதுங்கள். குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவராது, தனியாகத்தான் செய்தேன்.
- 2025 மருத்துவ நோபல், டி-ரெக் செல் (நோய் எதிர்ப்பைக் கட்டுக்குள் வைக்கும் டி செல்). எல்லோரும் படித்து வந்திருந்தோம், என்னிடம் யாரும் கேட்கவில்லை.
- எலியைத் தொட்டால் தும்மல், தடிப்பு வருமா? சேரும் முன்பே கைடிடம் சொல்லிவிடுங்கள்.

ஜேஆர்எஃப் (ஆய்வு உதவித்தொகை) மாதம் 37,000 ரூபாய், எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) தனி. ஆனால் முதல் பணம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம் என்று சீனியர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். மூன்று மாதச் செலவுக்கு வீட்டில் கேட்டு வாங்கிக்கொண்டே ரயில் ஏறுங்கள்.