வாடை நின்ற இரவுதான் கவனம்

காற்று வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். நாகை, வேதாரண்யம் கரையில் படகு வைத்திருப்பவர்களுக்கு இது அன்றாடப் பேச்சு. சம்பா, தாளடி நெல் வைத்திருப்பவர்களும் மார்கழி கடைசியிலிருந்து மாசி முடிய இந்த நாலு பேரையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் எத்தனை டிகிரி என்பதைவிடக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதுதான் அதிகம் சொல்லும்.

வடநாட்டில் குளிர் வருவதற்கு ஒரு முறை உண்டு. மேற்கத்திய இடையூறு, அதாவது மேற்கிலிருந்து நகர்ந்து வரும் தாழ்வழுத்தம், காஷ்மீர் பக்கம் கடக்கும். அதன் பின்னால் கனமான குளிர்காற்று வெப்பக்காற்றுக்கு அடியில் புகுந்து தள்ளும். இதைத்தான் குளிர் வளிமுகம் என்கிறார்கள். நாம் இருப்பது 10, 11 பாகை அட்சத்தில். அந்த முகப்பு இங்கே வருவதற்குள் கரைந்துவிடும். அதன் மிச்சம் மட்டும் வரும்: வங்கக்கடல் மேல் இறங்கி, வழியில் கொஞ்சம் சூடேறி, ஈரம் குறைந்த வாடைக்காற்று. வடக்கே காற்றழுத்தம் ஏறி, தெற்கே இலங்கைப் பக்கம் தாழ்வாகவே இருந்தால் இடைப்பட்ட நமக்குக் காற்று பலமாகும். மீனவர்களுக்கு எச்சரிக்கை வரும் நாட்கள் பெரும்பாலும் இவைதான்.

வேகத்தை எண்ணாகப் படித்துவிட்டு விட்டுவிடக் கூடாது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். மணிக்கு 30 கிலோமீட்டர் 45 ஆனால் கதிரின் மேல் விழும் தள்ளல் ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டேகால் மடங்கு. பால் பிடித்து முற்றும் கட்டத்தில் கதிர் கனத்துத் தலை சாய்ந்திருக்கும். அப்போது வயலில் அரை அடித் தண்ணீர் நின்றால் அடிமண் குழைந்து வேர் பிடி தளரும். காற்று அறிவிப்பு வந்த அன்றே வாய்மடையைத் திறந்து வடித்துவிடுங்கள், மண் ஈரமாக இருந்தால் போதும். மாப்பிள்ளைச் சம்பா மாதிரி உயரமான ரகம் என்றால் சாய்வது ஏறக்குறைய நிச்சயம். நாலைந்து தூரைச் சேர்த்துக் கட்டலாம், ஆள் கிடைத்தால். கடைசி நேரத்தில் யூரியா மட்டும் வேண்டாம். தண்டு மெலியும், நோயும் கூடும்.

வாடை அடிக்கும் இரவில் உடம்பு நடுங்கும், ஆனால் வெப்பமானி அவ்வளவு இறங்காது. காற்று ஓயாமல் கலக்கிக்கொண்டே இருப்பதால் தரையின் சூடு ஒரேயடியாகப் போய்விடுவதில்லை. வாடை நின்று, மேகமும் விலகிய இரவுதான் உண்மையான குளிர். தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட, மண்ணை ஒட்டிய காற்று குளிர்ந்து பனி இறங்கும். கடல் பக்கத்தில் இருப்பதால் நாகையில் 22 டிகிரிக்குப் பக்கத்தில் நின்றுவிடும். உள்ளே தஞ்சை, திருச்சி என்று போகப் போக 20, சில இரவில் அதற்கும் கீழே. 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று சொன்னவர்கள் இந்தக் காற்றில்லாத இரவுகளை நன்றாகவே பார்த்திருக்கிறார்கள்.

பயிருக்குக் குளிரைவிடப் பனிதான் பிரச்சினை. இரவு எட்டு மணிக்கு நனைந்த இலை காலை ஒன்பது வரை காயாமல் இருந்தால் பதின்மூன்று மணி நேர ஈரம். குலைநோய்ப் பூஞ்சைக்கு அது தாராளம். கதிரின் கழுத்து கறுத்து, மணி பதராகிப் போன பிறகு தெளித்துப் பயனில்லை. பொதியிலிருந்து கதிர் வெளியே வரும் கட்டத்திலேயே சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியைப் பத்து லிட்டருக்கு 50 கிராம் வீதம் மாலையில் தெளித்துவிட வேண்டும். பக்கத்து வயலில் நோய் வந்துவிட்டது என்றால் அதை மட்டும் நம்பியிருக்காமல் வேளாண் அலுவலரைக் கேட்டுப் பூஞ்சாணக் கொல்லிக்குப் போங்கள்.

அறுவடைக்கும் இதே பனிதான் நேரம் குறிக்கிறது. வெயில் ஏறி இலை காய்வதற்கு முன் இயந்திரத்தை இறக்கினால் வைக்கோல் சுற்றிக்கொள்ளும், நெல்லும் ஈரமாக வரும். கொள்முதல் நிலையத்தில் வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். களத்தில் இரண்டு அங்குல கனத்துக்குப் பரப்பி, மணிக்கு ஒரு தரம் காலால் கிளறி, மாலை ஐந்துக்குள் குவித்துவிடுங்கள். குவித்த கையோடு தார்ப்பாயை இழுத்து மூடிவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. நெல் அப்போது சூடாக இருக்கும். விடியற்காலையில் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள்: அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும், மேலாக உள்ள நெல் கையில் ஒட்டும். கையை உள்ளே விட்டால் காய்ந்தே இருக்கும். ஆனால் ஈரம் பார்க்கும் மீட்டரில் அந்த மேல் நெல்லை அள்ளிப் போட்டால் மூட்டை திரும்பி வரும். சூடு ஆறும்வரை அரைமணி நேரம் விட்டு, நெல்லுக்கும் தார்ப்பாய்க்கும் நடுவில் வைக்கோலை ஒரு பரப்புப் போட்டு மூடினால் கோத்த நீரை வைக்கோல் வாங்கிக்கொள்ளும்.

தையில் வாடை திடீரென்று கொண்டலாகத் திரும்பி, கிழக்கே மேகம் கூடினால் சந்தேகப்படுங்கள். 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் இலங்கையைக் கடந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல்லை நனைத்துச் சாய்த்தது. வடகிழக்குப் பருவம் முடிந்துவிட்டது என்று நாள்காட்டியைப் பார்த்து நிம்மதியடைய முடியாது. சாய்ந்த நெல் தண்ணீரில் கிடந்தால் கதிரிலேயே முளைவிடும். முதலில் வடிகாலை வெட்டுங்கள். பிறகு டயரில் ஓடும் அறுவடை வண்டிக்குக் காத்திராமல், சேற்றிலும் போகும் பெல்ட் வண்டி பேசி, சாய்ந்த திசைக்கு எதிரே ஓட்டச் சொல்லுங்கள். வாடகை கூடத்தான் ஆகும், உதிர்ந்து போகிற நெல்லை நினைத்தால் அது பெரிதில்லை.

மாசி நடுவில் சோழகம் எட்டிப் பார்க்கும்போது வெக்கை தொடங்கும். மார்ச்சில் திருச்சியில் பகல் வெயில் 36, 37க்கு ஏறும். கடற்கரை நாலைந்து டிகிரி குறைவாகவே இருக்கும். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28இல் மூடப்படுவதால் நெல் தரிசில், அதாவது நெல்லுக்குப் பின் உழாமல் விடும் வயலில், தெளித்த உளுந்துக்கு மிஞ்சிய மண் ஈரமும் பனியும்தான் தண்ணீர். அதனால் நெல்லறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது விதைத்துவிட வேண்டும். சேறாக இருந்தால் விதை அழுகும், வெடித்த மண்ணில் முளைக்காது.

உளுந்து பூக்கும்போது ஏக்கருக்கு நாலு கிலோ டி.ஏ.பி. உரத்தை இருபது லிட்டர் தண்ணீரில் முதல் நாள் ஊறவைத்து, மறுநாள் தெளிந்ததை மட்டும் வடித்து 200 லிட்டராக்கித் தெளிக்க வேண்டும். பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. பனி நீடித்தால் இலையில் சாம்பல் நோய் வெள்ளையாகப் படியும். வெக்கை முந்தினால் வெள்ளை ஈ ஏறி மஞ்சள் தேமலைக் கொண்டுவரும். மஞ்சள் கண்ட செடியை முதல் மாதத்துக்குள் பிடுங்கிப் புதைப்பது சுலபம். கொடி பின்னிய பிறகு உள்ளே இறங்கவே முடியாது.