ஐசியூ வாசல் பெஞ்ச்

ஜூலை 4
பஸ் கன்னியக்கோயில் தாண்டும்போது போன். "டாக்டர் கூப்பிடுறாரு, சீக்கிரம் வாடா." அம்மாவுக்கு வென்டிலேட்டரில் இன்று 11-வது நாள். போன மாதம் வயிற்றுப்போக்கு, பிறகு கால் மரத்தது, ஒரே வாரத்தில் மூச்சுத் தசை வரை ஏறிவிட்டது. கில்லன் பாரே என்ற நரம்பு நோய் என்கிறார்கள். "வாயில இருக்கற ட்யூபை எடுத்துட்டு, தொண்டையில ஓட்டை போட்டு அது வழியா ட்யூப் வெச்சிடலாம், ட்ரக்கியாஸ்டமி" என்றார் டாக்டர். வெளியே வந்ததும் பெரியப்பா, "ஓட்டை போட்டா அவ்ளோதான்டா. நான் பார்த்த யாரும் வீடு திரும்பல." கையெழுத்துப் போட மதியம் ஆகிவிட்டது.

ஜூலை 4, ராத்திரி
தூக்கம் இல்லை, போனில் தேடிக்கொண்டிருந்தேன். பிரிட்டனில் ட்ராக்மேன் என்று ஓர் ஆய்வு, 2013-ல் வெளியானது. ஐசியூவில் கிடந்த 899 பேர். சிலருக்கு 4 நாளுக்குள் ஓட்டை. மற்றவர்களுக்கு 10 நாள் பொறுத்து, அப்போதும் தேவைப்பட்டால்தான். 30 நாளில் இறந்தவர்கள் முதல் கூட்டத்தில் 30.8 சதவீதம், அடுத்ததில் 31.5. முந்தினாலும் பிந்தினாலும் உயிருக்கு வித்தியாசமில்லை. பொறுத்திருந்தவர்களில் பாதிக்கும் மேல் பேருக்கு ஓட்டையே போடவில்லை: சிலர் அதற்குள் தேறிவிட்டார்கள், சிலர் போய்விட்டார்கள். இத்தனை நாள் இழுத்துவிட்டோமோ என்ற உறுத்தல் கொஞ்சம் இறங்கியது.

பெரியப்பா சொல்வதும் பொய்யில்லை. நாள்கணக்கில் மெஷினில் கிடப்பவர்களுக்குத்தானே இதைப் போடுகிறார்கள்? அதில் பலரை நோய் கொண்டுபோகிறது. பழி ஓட்டை மேல்.

ஜூலை 5
ஆபரேஷன் தியேட்டருக்குக்கூடக் கொண்டுபோகவில்லை, கட்டிலிலேயே முடிந்தது. பிளாஸ்டர் ஒட்டாத அம்மாவின் வாயைப் பார்த்து எத்தனை நாள்! உதடு வெடித்திருக்கிறது.

ஜூலை 7
மயக்க மருந்தைக் குறைத்துவிட்டார்கள். உதட்டை அசைக்கிறாள், சத்தம் இல்லை. சித்தி, "ஐயோ, எங்கக்கா ஊமையாயிட்டாளே" என்று வார்டே கேட்க அழ, சிஸ்டர் வந்து அதட்டினார்: "குரல்வளைக்குக் கீழயே காத்து வெளிய போயிடுதும்மா. குரலுக்கு ஒண்ணும் ஆகல."

ஜூலை 11
சளி. சக்ஷன். சளி.

ஜூலை 22
பகலில் மெஷின் இல்லாமல் மூச்சு விடுகிறாள். ட்யூபைச் சுற்றியுள்ள பலூனின் காற்றை இறக்கி, ட்யூபின் வாயில் ஒரு வால்வு மாட்டினார்கள். உள்ளே போகும் காற்று அதன் வழி திரும்பி வராது. குரல்வளை வழியாகத்தான் மேலேற வேண்டும். துருப்பிடித்த குரலில் வந்த முதல் வார்த்தை, "காபி." கிடைக்கவில்லை; விழுங்குவதைச் சோதித்த பிறகுதானாம். அடுத்து வந்ததை இங்கே எழுத முடியாது.

ஆகஸ்ட் 9
நேற்று முழுக்க ட்யூபை மூடியே வைத்திருந்தார்கள், மூச்சுத் திணறவில்லை. இன்று எடுத்தாயிற்று. தையல் கிடையாது, ஓட்டை தானே மூடுமாம். இருமும்போது பஞ்சின் மேல் விரலை வைத்து அழுத்தச் சொல்லியிருக்கிறார்கள். கையே இப்போதுதான் கொஞ்சம் தூக்க வருகிறது, இதில் அதுவும் மறந்துபோகிறது. இருமினால் புஸ்ஸென்று காற்று, பிளாஸ்டர் ஒரு பக்கம் பிய்ந்து தொங்குகிறது. சாயங்காலத்துக்குள் மூன்று மாற்றியாயிற்று.