வேலூரில் பிஎம்டபிள்யூ எம்340ஐ காரை விற்கப் போகிறீர்களா?

வேலூரில் ஸ்விஃப்ட்டையோ இன்னோவாவையோ விற்க ஒரு சாயங்காலம் போதும். ஆட்டோ கன்சல்டிங்காரர் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து விலை சொல்லிவிடுவார். பிஎம்டபிள்யூ எம்340ஐ மாதிரி வண்டிக்கு அந்த வழி சரிப்படாது. அவரிடம் அதற்கு ஆள் இருக்காது. அதனால் மாசக்கணக்கில் கடையில் நிற்கும் என்று கணக்குப் போட்டு, அடிமாட்டு விலைக்குக் கேட்பார். வாங்குகிறவர் பெரும்பாலும் சென்னையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோதான் வருவார். 387 குதிரைசக்தி, 4.4 நொடியில் நூறு கிலோமீட்டர் வேகம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதைச் சொல்லி விலையேற்ற முடியாது. வாங்கின கையோடு பெரிய செலவு வைத்துவிடுமோ என்பதுதான் அவர் கவலை. பேரமெல்லாம் அந்தக் கவலைக்குத்தான்.

வருகிறவர் கையில், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் இருக்கும். எஞ்சின் லைட் எரிகிறது என்று, முந்தின நாள் மெக்கானிக்கைப் பிடித்து கம்ப்யூட்டரில் பதிந்த கோளாறுக் குறியீடுகளை (ஃபால்ட் கோடு) அழித்து வைக்கிறவர்கள் உண்டு. அது வினை. கோடு அழியும்போது, வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததைக் காட்டும் ரெடினெஸ் மானிட்டர்களும் சேர்ந்தே அழியும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் எல்லாம் தத்தம் சோதனையை முடிக்கும்வரை ஸ்கேனர் 'ரெடி இல்லை' என்றே காட்டும். விவரம் தெரிந்தவருக்கு அது போதும், நேற்றுதான் துடைத்திருக்கிறார்கள் என்று புரிந்துவிடும். கோடு இருந்தால் காரணத்தைச் சரிசெய்யுங்கள். அல்லது கோடோடு காட்டி, அதற்கான எஸ்டிமேட்டையும் கையில் கொடுங்கள்.

பவர் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரை (ஈசியூ) ட்யூன் செய்திருந்தால் கம்பெனி செட்டிங்குக்கு மாற்றிவிட்டு, ட்யூன் இருந்ததையும் சொல்லிவிடுங்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத புகைக்குழாய் (டவுன்பைப்) போட்டிருந்தால் ஒரிஜினலைத் திரும்ப மாட்டியே ஆகவேண்டும்.

எஞ்சின் அறையை வாட்டர் கன் அடித்துப் பளபளப்பாக்காதீர்கள். கசிவை மறைக்கக் கழுவியதாகவே தோன்றும். இக்னிஷன் காயிலுக்குள் தண்ணீர் போனால் மிஸ்ஃபயர் வேறு. பிஎம்டபிள்யூ ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட்டும் வால்வ் கவர் கேஸ்கெட்டும் கசிவதில் பேர் பெற்றவை. வருகிறவர் முதலில் டார்ச் அடிப்பது அங்கேதான், நீங்களும் அங்கேயே முதலில் பாருங்கள். கியர்பாக்ஸ் ஆயிலுக்கு 'ஆயுளுக்கும் போதும்' என்று சொல்லி ஷோரூமில் விட்டிருப்பார்கள். அந்த எட்டு கியர் பெட்டியைச் செய்யும் இசட்எஃப் கம்பெனியோ, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் தனியாக வராது, பிளாஸ்டிக் ஆயில் பேனோடு ஒட்டியே வரும். அதனால் பில் கொஞ்சம் கனமாக இருக்கும். மாற்றியிருந்தால் அந்த பில்தான் உங்கள் ஃபைலில் முதல் தாள்.

டயரில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம். ஒரு பக்கம் மட்டுமே அந்த நாலு எண் இருக்கும். வெளிப்பக்கம் காணோமென்றால் குனிந்து உள்பக்கம் தேடுங்கள். இந்த வண்டியில் முன்னால் 225, பின்னால் 255 என்று அகலம் வேறு. முன்னதைப் பின்னால் மாற்றிப்போட வழியில்லை, பின் டயர் சீக்கிரம் தேயும். விற்கிற நேரம்தானே என்று ஏதோ ஒரு பிராண்டில் இரண்டு மட்டும் மலிவாக வாங்கி மாட்டாதீர்கள். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் டயர் சுற்றளவு பொருந்தாவிட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கும். அது தெரிந்தவர் அங்கேயே விலையைக் குறைப்பார். பிரேக் டிஸ்க்கின் நடுப்பகுதியில் 'மின் டிஎச்' என்று குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அதையும் அளந்து எழுதி வையுங்கள்.

பெயிண்ட் தடிமனை அளக்கும் மீட்டரில் கம்பெனி பெயிண்ட் 100, 150 மைக்ரான் வாக்கில் காட்டும். பட்டி பூசின இடம் பல நூறுகளில் நிற்கும். பம்பர் பிளாஸ்டிக், அதில் மீட்டர் பேசாது. நம்ம ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: வெளியே நிற்கிற வண்டி என்றால் டேஷ்போர்டும் பின்சீட் மேல்விளிம்புத் தோலும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். தோல் ஊரில் இருந்துகொண்டு சீட்டுத் தோலை வெடிக்க விடுவது நியாயமில்லை.

ஆள் வருமுன் எஞ்சினைச் சூடாக்கி வைக்காதீர்கள், ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்கத்தான் என்று நினைப்பார்கள். பானட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். டெஸ்ட் டிரைவுக்கு கிரீன் சர்க்கிள் நெரிசல் வேண்டாம். சத்துவாச்சாரி தாண்டி வாலாஜா பக்கம் ஹைவேயில் விடுங்கள். லைசென்ஸ் நகல் வாங்கிக்கொண்டு, பக்கத்து சீட்டில் நீங்களே உட்காருங்கள். ஆயில் சூடேறும்வரை ஸ்போர்ட் பிளஸ் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி பணம். ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். ஆர்டிஜிஎஸ் வாங்குங்கள். எஸ்எம்எஸ்ஸையும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாமல், உங்கள் பேங்க் ஆப்பில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே சாவி. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் இப்படிப்பட்ட வண்டிகள் பல கம்பெனி பேரில் இருக்கும். ஜிஎஸ்டி பதிவுள்ள கம்பெனி வண்டிக்குத் தேய்மானம் காட்டியிருந்தால், விற்ற விலை தேய்மானம் போன மதிப்பைவிடக் கூடுதலாக இருக்கும் பட்சத்தில் அந்த வித்தியாசத்துக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டு விலை பேசுங்கள்.

லோன் முடிந்ததும் ஆர்சியில் உள்ள பேங்க் அடமானப் பதிவு (எச்பி) தானாக கேன்சல் ஆகாது. பேங்க் என்ஓசியோடு ஃபாரம் 35 போட்டு ஆர்சியில் நீக்குங்கள். தமிழ்நாட்டுக்குள் விற்றால் விற்றதை ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கும் ஃபாரம் 29-ஐ 14 நாளுக்குள் நீங்கள் கொடுக்கவேண்டும். ஃபாரம் 30 பெயர் மாற்றத்துக்கு. டிஎன் 23 வண்டி பெங்களூரு போகிறதென்றால் ஃபாரம் 28-ல் ஆர்டிஓ என்ஓசி வேண்டும். அங்கே பதிவானபின் இங்கே கட்டிய லைஃப் டாக்ஸில் மிச்சத்தைத் திரும்பக் கேட்கலாம். அது யாருக்கு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் சண்டை வருவது இதில்தான். டீலரிடம் விட்டால் அவர் பதிவு பெற்ற டீலர்தானா என்று பார்த்து, வண்டி டீலர் கைக்குப் போனதைத் தெரிவிக்கும் ஃபாரம் 29சி போடச் சொல்லுங்கள்.

நேரடியாக விற்றால், ஆர்சியில் பேர் மாறாதவரை சட்டத்தின் கண்ணில் ஓனர் நீங்கள்தான். விபத்து வழக்கில் பொறுப்பும் ஆர்சியில் பேர் உள்ளவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பின்னால் வரும் சலானுக்கு அதுதான் பதில். நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போகாது, உங்களுடையது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சான்று வாங்கி வைத்தால் 3 வருடத்துக்குள் அடுத்த வண்டிக்குச் சேரும்.

கடைசியாக ஃபாஸ்டேக்கை மூடுங்கள். இல்லாவிட்டால் பள்ளிகொண்டா டோலுக்கும் உங்கள் கணக்கிலிருந்தே பணம் போகும். வண்டியின் ஸ்கிரீனில் (ஐடிரைவ்) ஃபோன் விவரங்களை அழித்து, ஃபோனில் உள்ள பிஎம்டபிள்யூ ஆப்பிலிருந்தும் வண்டியை நீக்கிவிடுங்கள். நீக்காதவரை வண்டி எங்கே நிற்கிறது என்று உங்கள் ஃபோன் காட்டும், கதவைக்கூடத் திறக்கும். புது ஓனருக்கு அது தெரியவந்தால் முதல் ஃபோன் உங்களுக்குத்தான்.