காற்று வந்த பிறகு போகலாம்

மே 12, 2023, வெள்ளி

காலையில் எழும்பூர் போய் அண்ணனையும் அவன் மகனையும் அழைத்து வந்தேன். அண்ணனுக்குத் திங்கள்கிழமை ஓர் அலுவலகத்தில் வேலை. பயலுக்கு ஆறாம் வகுப்புப் பரீட்சை முடிந்து லீவு. தென்காசியிலிருந்து கிளம்பும்போதே அவன் கேட்க வேண்டியதை முடிவு செய்து வைத்திருக்கிறான். மெட்ரோ ரயில், கடல், தோனி. முதல் இரண்டையும் காட்டிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை சேப்பாக்கத்தில் ஆட்டம் இருக்கிறதுதான், ஆனால் டிக்கெட்டுக்கு நான் எங்கே போவேன்?

இரவு மொட்டை மாடியில் பாய் விரித்தோம். ஆலந்தூரில் மே மாதம் வீட்டுக்குள் படுப்பது இட்லிக் கொப்பரைக்குள் படுப்பது மாதிரி. இன்று மாடியிலும் அப்படித்தான் இருந்தது. வங்கக் கடலில் மோக்கா புயல் நிற்கிறது, அது மியான்மர் பக்கம் போகிறதாம். போகிற போக்கில் நம் கடல்காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது என்றேன். "மேக்காத்துதான் அடிக்கும்."

"மேக்காத்துன்னா நல்லதுதானே அத்தே?" என்றான்.

தென்காசிக்காரனுக்கு அப்படித்தான் தோன்றும். எனக்கே இந்த ஊருக்கு வந்த முதல் வருடம் அப்படித்தான் தோன்றியது. எங்கள் ஊரில் மேற்கிலிருந்து காற்று வந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் குளிர்ச்சியும் சாரலும் கூடவே வரும். அதே காற்று மலையில் ஈரத்தைக் கொட்டிவிட்டு, காய்ந்த சமவெளி முழுக்க நடந்து சென்னைக்கு வரும்போது அடுப்பு ஊதுகுழலிலிருந்து வருவதுபோல் இருக்கும். இங்கே நல்ல காற்று என்றால் கிழக்கேயிருந்து வருவதுதான். தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். தரைமேல் இருக்கும் காற்று லேசாகி மேலே போனதும் அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று வரும். சில நாள் பதினொரு மணிக்கே வந்துவிடும், சில நாள் மூன்று மணி ஆகும். மேல்காற்று பலமாக இருந்தால் கரையிலேயே நின்றுவிடும். 2003 மே 31-ஆம் தேதி இந்த ஊரில் 45 டிகிரி அடித்தது. நான் அப்போது இங்கே இல்லை. நல்லவேளை.

அதனால் இந்த வீட்டில் ஒரே சட்டம்தான். பகலில் எங்கே போவதானாலும் மேலே கூரை வேண்டும். வெளியே சுற்றுவதெல்லாம் காற்று வந்த பிறகு. சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டான்.

மே 13, சனி

ஆலந்தூரில் இரண்டு தடத்து ரயிலும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஓடுகின்றன. பயல் மேலேயும் கீழேயும் ஏறி இறங்கியதிலேயே பாதி மெட்ராஸ் பார்த்துவிட்டான். கோயம்பேடு தாண்டியதும் வண்டி தரைக்குள் இறங்கியது. சன்னலில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தவன், "இதுக்கு மேல வீடெல்லாம் இருக்கா?" என்றான். இருக்கிறது, அண்ணா நகரே இருக்கிறது என்றேன்.

எழும்பூர் அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமைதான் அதற்கு விடுமுறை, இன்று கூட்டம் பரவாயில்லை. 1851-இல் ஆரம்பித்தது. எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர்தான் முதலில் அதைப் பார்த்துக்கொண்டார். பாடம் செய்த விலங்குகளைப் பார்க்க வரும் கூட்டத்தைவிட உயிருள்ள விலங்குகளைப் பார்க்க வரும் கூட்டம் பெரிது என்று கண்டு, 1855-இல் அதே வளாகத்தில் ஒரு விலங்குக் காட்சிசாலையையே தொடங்கிவிட்டார். இன்றைக்கு வண்டலூரில் இருப்பதற்கு வேர் அங்கேதான். பயல் அதைக் கேட்டுவிட்டு, "புலி எந்த இடத்துல நின்னுச்சு?" என்று வாசலில் இருந்த காவலரிடம் போய் விசாரித்தான். அவர் பாவம், தன்னைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

திமிங்கல எலும்புக்கூட்டுக்குக் கீழே நெடுநேரம் நின்றான். எனக்கு வெண்கலச் சிலைக் கூடம்தான். அங்கே குளிரூட்டியும் இருக்கிறது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் போனால் எனக்குப் பேச்சு வராது. பதினோராம் நூற்றாண்டு. வலப்பக்கம் ஆண், இடப்பக்கம் பெண், இடுப்பு ஒரு பக்கம் மட்டும் வளைந்து நிற்கும். பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். பயல் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "கை மூணுதான் இருக்கு அத்தே, ஒண்ணு ஒடஞ்சிருச்சா?" என்றான். எண்ணிப் பார்த்தேன். வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. உடையவில்லை, செய்ததே அப்படித்தான். சிவனுக்கு நான்கு கை, அம்மைக்கு இரண்டு கை, ஆளுக்குப் பாதி. இத்தனை தடவை வந்தும் நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

வெளியே வந்தால் மணி ஒன்று. தார் ரோடு மினுமினுக்கிறது. தள்ளுவண்டியில் நுங்கு, சின்னப் பை 50 ரூபாய். விலையைக் கேட்டு அண்ணன் மகன் எனக்காகக் கோபப்பட்டான். "எங்க தோட்டத்துல சும்மா கெடக்கும்." வாங்கினேன். சுளை முற்றியிருந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, பார்வை மட்டும்.

அடுத்து எக்ஸ்பிரஸ் அவென்யூ. எனக்கு மால் பிடிக்காது. ஆனால் மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு இந்த ஊரில் காசு கொடுக்காமல் குளுகுளுவென்று உட்காரக் கிடைக்கும் இடம் அதுதான். பாதிப் பேர் எங்களைப் போலத்தான், கையில் ஒரு கடைப் பையும் இல்லாமல் நகரும் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு தாத்தா பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, திண்ணையில் உட்காருவதுபோலச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். காவலர் வந்து காலைக் கீழே போடச் சொன்னார். அவர் போன பிறகு தாத்தா மறுபடி மடித்துக்கொண்டார்.

திரும்பும்போது அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடத்தைக் காட்டினேன். எங்கள் அப்பா வாலிபத்தில் மெட்ராஸ் வந்து ஊர் திரும்பி, பல வருடம் இதைப் பற்றியே பேசினார். 1959-இல் கட்டி முடித்தபோது இந்தியாவிலேயே உயரமானது, 14 மாடி. அப்பா ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்று மாடியை எண்ணும்போது துண்டு கீழே விழுந்ததாம். பயலும் எண்ணினான். "இவ்வளவுதானா?" என்றான். சரி, அப்பா இல்லாதது நல்லதாகப் போயிற்று.

மே 14, ஞாயிறு

இரண்டு தடவை மெரினா. காலையில் நான் கூட்டிப்போனது, மாலையில் அவன் என்னைக் கூட்டிப்போனது.

ஐந்து மணி முதல் மெட்ரோவைப் பிடித்து அரசினர் தோட்டத்தில் இறங்கி, ஆட்டோவில் உழைப்பாளர் சிலைக்குப் போனபோது வானம் சிவந்துவிட்டது. ஓடினோம். மெரினாவில் மணலைக் கடப்பதற்கே ஒரு தனி மூச்சு வேண்டும். சூரியன் தண்ணீரிலிருந்து பாதி வெளியே வந்த சமயம் போய்ச் சேர்ந்தோம். பயல் சூரியனைப் பார்க்கவில்லை, கடலைத்தான் பார்த்தான். குற்றாலத்தில் தண்ணீர் மேலிருந்து விழுந்து பார்த்தவனுக்கு, படுத்துக்கொண்டு வரும் தண்ணீர் புதிது. கணுக்கால் வரைதான் விட்டேன். இங்கே குளிக்கத் தடை, அதற்குக் காரணம் இருக்கிறது. காலுக்கடியில் மணலை உருவிக்கொண்டு போகும் அந்த இழுப்பு ஆளையும் கொண்டுபோகும். அதை அவனே உணர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான், நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கலங்கரை விளக்கம் பக்கம் மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்குத் தகரம் அடைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றிக்கொண்டு மயிலாப்பூர். வெண்பொங்கல், வடை, காபி. கபாலி கோயில் பிரகாரம். குளத்துப் படிக்கட்டில் சும்மா உட்கார்ந்திருந்தோம். பத்து மணிக்கு மறுபடி கடற்கரைச் சாலை.

"ஐஸ் ஹவுஸ்" என்றால் ஆட்டோக்காரர் சட்டென்று திருப்புகிறார். விவேகானந்தர் இல்லம் என்று 1963-இல் பெயர் மாற்றியாகிவிட்டது, ஆனாலும் அந்தப் பக்கத்துப் பேச்சில் இன்னும் ஐஸ் ஹவுஸ்தான். காவல் நிலையத்துக்கும் அதே பெயர். வட்டமாக, பெரிய கேக் மாதிரி ஒரு கட்டடம். 1842-இல் கட்டியது. அமெரிக்காவில் ஃபிரெடரிக் டியூடர் என்றொரு வியாபாரி, பாஸ்டனைச் சுற்றியுள்ள குளங்கள் குளிர்காலத்தில் உறைந்ததும் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி இங்கே அனுப்பினார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் பயணம். வந்து இறங்கியதை வைத்துக்கொள்ளத்தான் இந்த வீடு.

"கரையாமலா வந்துச்சு?"

கரைந்ததுதான். மீதி இருந்ததே லாபத்துக்குப் போதும். பிறகு நீராவி எந்திரத்தில் பனிக்கட்டி செய்யப் பழகியதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. வீடு கைமாறி பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞரிடம் வந்தது. 1897 பிப்ரவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கினார். கண்காட்சியில் இதெல்லாம் இருக்கிறது. பயல் மனதில் ஐஸைத் தவிர எதுவும் ஏறவில்லை. வெளியே வெயிலில் நின்று, சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சுட்டது.

மதியம் எல்லாரும் தூங்கினோம். நான்கு மணிக்கு மாடிக்குப் போய்ப் பார்த்தேன், கொடியில் துணி கிழக்கே பார்த்து ஆடியது. மேல்காற்றுதான். "காத்து வரல, இன்னிக்கு வேண்டாம்" என்றேன். அவன் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு செருப்போடு நின்றான். முதுகில் 7.

அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நிலையமே மஞ்சள். அந்த வெள்ளத்தோடு வாலாஜா சாலையில் மைதானம் வரை போய், அவர்கள் உள்ளே திரும்ப, நாங்கள் நேரே கடற்கரைக்கு நடந்தோம். மாங்காய் பத்தை, மிளகாய் பஜ்ஜி, சுண்டல். மணலிலிருந்து பார்த்தால் மைதானத்து விளக்குகள் தெரியும். பக்கத்தில் கல்லூரிப் பையன்கள் நான்கு பேர் ஒரு போனை மணலில் நட்டு வைத்து ஆட்டம் பார்த்தார்கள். பயல் தயங்கித் தயங்கி அவர்களிடம் போய் ஒட்டிக்கொண்டான்.

அப்புறம்தான் வேடிக்கை. முதலில் மைதானத்திலிருந்து சத்தம் வரும். அது அடங்கிய பிறகுதான் போனில் பந்து போடுவார்கள். நெட்டில் வர அவ்வளவு நேரம். அதனால் ஒவ்வொரு பந்துக்கும் பையன்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சின்ன இரைச்சல் என்றால் நான்கு, பெரியது என்றால் ஆறு, ஊமையாக இருந்தால் ஒன்றுமில்லை. சிவம் துபே ஆடும்போது எங்கள் பயல் போனைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டு, மைதானத்தைப் பார்த்துக் காதாலேயே ஸ்கோர் சொன்னான். கடைசி ஓவரில் ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், சுண்டல்காரரே தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டார். போனில் இன்னும் ஜடேஜா நின்றுகொண்டிருக்கிறார். "தோனி வந்துட்டாரு!" என்று கத்தினான். அவன் சொன்ன பிறகுதான் திரையில் வந்தார்.

மூன்று பந்து, இரண்டு ரன். 144-க்கு 6. அதோடு கிளம்பிவிட்டோம். ரயிலில் என் மடியில் தூங்கினான். வீட்டு டிவியில் கொல்கத்தா ஜெயித்தபோது எழுப்பவில்லை. தோனி மைதானத்தைச் சுற்றி வந்தபோது அண்ணன்தான் தட்டி எழுப்பினான். இடது முழங்காலில் கட்டு. கவாஸ்கர் ஓடிப்போய்ச் சட்டையில் கையெழுத்து வாங்கினார். பயல் அரைக்கண்ணால் கட்டைப் பார்த்து, "ஐஸ் வச்சிருக்காங்களா அத்தே? பாஸ்டன்லேர்ந்தா?" என்றான்.

மே 15, திங்கள்

அலுவலகம். நாள் முழுக்க அனல். அண்ணன் வேலை பாதிதான் முடிந்தது, மீதிக்கு ஜூனில் வர வேண்டுமாம். இரவு பொதிகையில் ஏற்றிவிட்டேன். பயலின் பையில், சங்கு விற்ற அம்மாவிடம் பேரம் பேசாமல் வாங்கிய இரண்டு சங்கு, அண்ணனுக்குத் தெரியாது.

மே 16, செவ்வாய்

காலை எட்டரைக்குப் போன். அண்ணன் என்று எடுத்தால் பயல்.

"அத்தே, வீட்டுக்கு வந்துட்டோம். இங்க காத்து வந்துருச்சு."

"எந்தக் காத்து?"

"மேக்காத்துதான். கொய்யா மரம் ஆடுது. நீங்க கெளம்பி வாங்க."

மேற்குச் சன்னலை அப்போதுதான் சாத்திவிட்டு வந்திருந்தேன்.